தரங்கம்பாடி மூணு நாள்: புது எருசலேம் கோயிலும் அப்பாவும்

நாள் 1, வெள்ளிக்கிழமை

அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு, அதனால எங்க போனாலும் முதல்ல ட்ரெயின் உண்டான்னு தான் பாப்பாரு. தரங்கம்பாடிக்கு முன்னாடி மாயவரத்துல இருந்து சின்ன ரயில் ஓடிச்சாம், அதை நிறுத்தி ரொம்ப வருஷம் ஆச்சு, இப்ப பஸ்ஸு தான். திருச்சியில காலையில ட்ரெயின் ஏறி மாயவரத்துல இறங்கி, ஸ்டேஷன் வாசல்ல ஒரு டீ குடிச்சிட்டு பஸ் புடிச்சோம். செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர்னு போகுது. திருக்கடையூர்ல பாதி பஸ் காலி, பட்டுப்புடவையும் மாலையுமா மணிவிழா குடும்பம் ஒண்ணு மொத்தமா இறங்குச்சு. அதுக்கப்புறம் ஜன்னல்ல வர்ற காத்துலயே உப்பு வாசனை தெரிஞ்சுது.

இந்தப் பயணம் எதுக்குன்னு சொல்லிடறேன். எங்க அப்பாயி, அதாவது அப்பாவோட அம்மா, லுத்தரன் சபைக்காரங்க, அதாவது புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவங்க. சாகற வரைக்கும் "சீகன்பால்க் ஐயர் கோயில்ல ஒரு தடவையாவது உக்காரணும்"னு சொல்லிட்டே இருந்தாங்க (எங்க சபையில போதகரை ஐயர்னும் சர்ச்சை கோயில்னும் தான் கூப்பிடுவோம். சீகன்பால்க் ஜெர்மனியில இருந்து தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் மிஷனரி, அவரு கட்டினது தான் புது எருசலேம் கோயில்). கூட்டிட்டு வர முடியல. அது அப்பாவுக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி கெடக்குது. போன மாசம் அவங்க பெட்டியை சுத்தம் பண்றப்ப ஞானப்பாட்டு புஸ்தகம் கெடைச்சுது, அன்னைக்கே "பாப்பா, நாம போயிட்டு வந்துடலாம்மா"ன்னாரு, கிளம்பிட்டோம்.

ஊருக்குள்ள நுழையறப்பவே ஒரு வெள்ளை வாசல். 1792ல டேனிஷ்காரங்க கட்டினது, மேல அவங்க அரச முத்திரை இருக்கு. அதைத் தாண்டினா நேரா ராஜ வீதி, தெரு கடைசியில கடல். வாசல்ல இருந்து பாத்தாலே நீலமா ஒரு கோடு தெரியும். ரெண்டு பக்கமும் பழைய தூண் வச்ச வீடுங்க, வேப்பமரம், சத்தமே இல்லாத தெரு. 1620ல தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு இங்க வியாபாரம் பண்ண இடம் குடுத்தாரு, தங்கத் தகட்டுல தமிழ்ல எழுதி அனுப்பின கடிதம் இன்னும் அவங்க நாட்டு ஆவணக்காப்பகத்துல இருக்கு. அதுல இருந்து 225 வருஷம், 1845ல இங்கிலீஷ்காரன் கிட்ட வங்காளத்துல இருந்த செராம்பூரையும் சேத்து பன்னண்டரை லட்சம் ரூபாய்க்கு வித்துட்டு போனாங்க.

சாயங்காலம் கடற்கரை. மாசிலாமணிநாதர் கோயிலையும் பாத்தோம், 1306ல பாண்டிய ராஜா மாறவர்மன் குலசேகரன் காலத்துல கட்டினது, முன்பக்கம் நெறைய கடல் தின்னுடுச்சு, இப்ப பாறாங்கல்லு கொட்டி தடுத்து வச்சிருக்காங்க. டேனிஷ்காரங்க கோட்டைக்கு அந்தப் பக்கம் சீகன்பால்க் கரை இறங்கின இடத்துல நினைவுச்சின்னம். 1706 ஜூலை 9. அப்பா அங்க செருப்பைக் கழட்டிட்டு நின்னாரு. நான் ஒண்ணும் பேசல.

ராத்திரி லாட்ஜ்ல தூங்கறப்ப அலைச் சத்தம் விடாம கேட்டுட்டே இருந்துச்சு. தரங்கம்னா அலை, பேரு சரியாத்தான் வச்சிருக்காங்க.

நாள் 2, சனிக்கிழமை

இன்னைக்கு நெறைய எழுதணும், மன்னிக்கணும், நீளமா போகும்.

முதல்ல சீயோன் கோயில். ராஜ வீதியிலயே இருக்கு, புது எருசலேமுக்கு கூப்பிடு தூரம். 1701ல டேனிஷ்காரங்க தங்களுக்காக கட்டினது, ஆராதனையும் அவங்க பாஷையில தான். கோட்டையில இருந்த அதிகாரி, சிப்பாய், வியாபாரி இவங்களுக்கான கோயில் அது. தமிழ் ஜனங்களுக்கு அங்க என்ன வேலைன்னு கேட்டா, ஒரு நாள் இருந்துச்சு. 1707 மே 12. அன்னைக்கு அஞ்சு பேருக்கு ஞானஸ்நானம் குடுத்தாங்க. அந்த அஞ்சு பேரும் யாருன்னா டேனிஷ்காரங்க வீட்டுல அடிமையா இருந்தவங்க. நம்ம சபை சரித்திரம் ராஜாவுல ஆரம்பிக்கல, பணக்காரன் கிட்ட ஆரம்பிக்கல, விலைக்கு வாங்கப்பட்ட அஞ்சு பேர் கிட்ட ஆரம்பிச்சுது. இதை ஞாயிறு பள்ளியில எனக்கு யாரும் இந்த மாதிரி சொல்லிக் குடுத்ததே இல்ல, சீகன்பால்க் பேரையும் கப்பல் பேரையும் மட்டும் மனப்பாடம் பண்ண வச்சாங்க.

சீயோன் இப்ப சிஎஸ்ஐ (தென்னிந்திய திருச்சபை) கிட்ட இருக்கு. சின்ன கட்டடம் தான், ஆனா உள்ள போனா குளுகுளுன்னு இருக்கு.

அங்க இருந்து நடந்து புது எருசலேம். ஏன் "புது"ன்னா, பழசு ஒண்ணு இருந்துச்சு. அஞ்சு பேருக்கு ஞானஸ்நானம் ஆன கையோட, தமிழ்ல பிரசங்கம் கேக்க தனியா இடம் வேணும்னு சீகன்பால்க்கும் கூட வந்த புளுட்சோவும் சின்னதா ஒரு கோயில் கட்டி 1707 ஆகஸ்ட் 14ல பிரதிஷ்டை பண்ணாங்க, எருசலேம்னு பேரு. 1715ல கடல் பொங்கி அது பாழாப் போச்சு, ஜனங்களும் கூடிட்டாங்க, இடமும் பத்தல. அதுக்கப்புறம் 1717 பிப்ரவரி 9ல இந்தக் கோயிலுக்கு அஸ்திவாரம், 1718 அக்டோபர் 11ல பிரதிஷ்டை.

வாசல்ல நின்னு நிமிர்ந்து பாத்தா முகப்புல உச்சியில ஒரு கிரீடம், அதுக்கு கீழ டென்மார்க் ராஜா நாலாம் ஃப்ரெடரிக்கோட எழுத்து முத்திரை, 1718னு வருஷம். எதுக்கு ராஜா முத்திரைன்னா இந்த மிஷனை அனுப்பினதே அவரு தான், அவரு கையில இருந்து காசு வந்துச்சு. ஆனா இங்க வியாபாரம் பண்ணிட்டிருந்த டேனிஷ் கம்பெனி ஆளுங்களுக்கு இது சுத்தமா புடிக்கல. ராஜா அனுப்பின ஐயரை கோட்டை கமாண்டர் 1708 கடைசியில புடிச்சு கோட்டைக்குள்ள நாலு மாசம் அடைச்சு வச்சாரு, காரணம் ஒரு விதவையோட கடன் வழக்குல அந்தம்மாவுக்காக பேசினது. பத்து வருஷம் கழிச்சு அதே ஊரு மெயின் தெருவுல, கோட்டைக்குப் போற வழியில, ராஜா கிரீடத்தை நெத்தியில ஒட்டிக்கிட்டு இந்தக் கோயில் எழும்புது. இதை யாரும் இடிக்க முடியாது, கேள்வி கேக்க முடியாது. அந்தக் கிரீடம் அலங்காரம் இல்ல, அது காவல்னு எனக்குத் தோணுச்சு.

உள்ள தமிழ். வெளிய டென்மார்க் கிரீடம், உள்ள சுத்தத் தமிழ்.

தரைப்படம் சிலுவை மாதிரி, நாலு பக்கமும் கை நீட்டியிருக்கு. சாதாரணமா நாம பாக்கற கோயில் எல்லாம் ஒரே நீளமான கூடம், பீடம் ஒரு கோடியில, கடைசி வரிசையில உக்காந்தா ஐயர் எறும்பு மாதிரி தெரிவாரு. இங்க அப்படி இல்ல. நாலு கையும் சேர்ற நடுவுக்குப் பக்கத்துல உசரமா மரத்துல பிரசங்க பீடம், எந்தக் கையில உக்காந்தாலும் பேசறவரு கிட்டத்துல தான் இருக்காரு. மைக் இல்லாத காலத்துல பிரசங்கம் தான் ஆராதனையோட உயிருன்னு நெனைச்ச லுத்தரன் ஆளுங்க, காது கேக்கறதுக்காக யோசிச்சு கட்டினது. அப்பா நடுவுல நின்னு மெதுவா "கர்த்தர் நல்லவர்"னு சொன்னாரு, நான் ஒரு கையோட கோடியில நின்னுட்டிருந்தேன், பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி கேட்டுச்சு.

சுவர் நல்ல கனம், வளைவு வச்ச உசரமான ஜன்னல், சுவரோட ஒட்டின அரைத்தூண். அப்பா ஒர்க்‌ஷாப் புத்தியில எல்லாத்தையும் தட்டிப் பாத்தாரு, ஒவ்வொரு கையையும் அடி வச்சு அளந்தாரு, ஒண்ணு நெட்டை ஒண்ணு குட்டைன்னு அவருக்குத் தோணலையாம்.

பீடத்துக்கு முன்னால தான் சீகன்பால்க் கல்லறை. 1719 பிப்ரவரி 23ல செத்துப் போனாரு. கணக்கு போட்டுப் பாருங்க, கோயில் பிரதிஷ்டை ஆகி நாலரை மாசம் கூட முழுசா ஆகல. வயசு 36. ஒரு கிறிஸ்மஸ், அவ்வளவு தான் இந்தக் கோயில்ல அவருக்கு கெடைச்சுது. அவரோட கூட்டாளி கிருண்ட்லர் அடுத்த வருஷமே, 1720 மார்ச்ல போயிட்டாரு, அவரும் இங்கயே தான். 13 வருஷம் தான் மனுஷன் நம்ம ஊருல, அதுலயும் ரெண்டு வருஷம் ஐரோப்பா போய்ட்டு வந்தாரு. அதுக்குள்ள திண்ணைப் பள்ளிக்கூடத்து பிள்ளைங்களோட உக்காந்து மணல்ல எழுதி அ ஆ கத்துக்கிட்டு, ஓலைச்சுவடி சேத்து பட்டியல் போட்டு, புதிய ஏற்பாடு மொத்தத்தையும் தமிழாக்கி அச்சும் போட்டுட்டாரு.

அச்சு விஷயத்தை சொல்லாம இந்தக் கோயிலை சொல்ல முடியாது. ஜெர்மனி ஹாலேயில தமிழ் எழுத்து வார்த்து 1713ல அனுப்பினாங்க, அது ரொம்ப பெரிய எழுத்தா போச்சு, பேப்பர் தீந்து போகுது. நாலு சுவிசேஷமும் அப்போஸ்தலர் நடபடிகளும் மட்டும் 1714ல அந்தப் பெரிய எழுத்துல வந்துச்சு, அஞ்சு வேத பொஸ்தகம்னு அதுக்கு பேரு. மிச்சத்துக்கு இங்கயே சின்ன எழுத்து வார்த்தாங்க, அதுக்கு ஈயம் எங்க இருந்துன்னா இங்கிலாந்துல இருந்து சீஸ் வந்த ஈய டப்பாவை உருக்கினது. 1715ல முழுசா முடிஞ்சுது. இந்திய பாஷைங்கள்லயே முதல்ல அச்சான புதிய ஏற்பாடு. பேப்பருக்கும் பக்கத்துல பொறையாறுல பட்டறை போட்டாங்க.

சரி, இப்ப எனக்கு மனசுல உறுத்துற விஷயம். இதை எழுதலாமா வேணாமான்னு அப்பாகிட்டயே கேட்டேன், "உண்மை தானே, எழுதும்மா"ன்னாரு.

நாலு கையும் ஒரே மாதிரி நீட்டியிருக்கற இந்தக் கோயில்ல ஜனங்க ஒண்ணா உக்காரல. வேளாளர் முதலான சாதிக்காரங்க ஒரு பக்கம், பறையர்னு ஒதுக்கி வச்சிருந்தவங்க வேற பக்கம், நடுவுல இடைவெளி. மிஷனரிங்களுக்கு தெரிஞ்சே தான் நடந்துச்சு. ராஜநாயக்கன்னு ஒருத்தரு, தஞ்சாவூர் ராஜா படையில சிப்பாய், பறையர் குடும்பம், கத்தோலிக்கரா இருந்தவரு. அவரு கையில அந்த அஞ்சு வேத பொஸ்தகம் கெடைச்சுது, படிச்சு படிச்சு இந்தப் பக்கம் வந்தாரு, வேலையை விட்டுட்டு தஞ்சாவூர் சீமை பூரா உபதேசியாரா (ஐயருக்கு கீழ, வேதம் சொல்லிக் குடுக்கறவரு) அலைஞ்சாரு. அடி உதை எல்லாம் வாங்கினாரு. 1733 டிசம்பர் 28ல முதல் தமிழ் ஐயரா ஆரோனை அபிஷேகம் பண்ணாங்க, அவரு வேளாளர். அடுத்ததா 1741ல தியோகு. ராஜநாயக்கனுக்கு எல்லாத் தகுதியும் இருந்துச்சு, ஆனா அவரு கையில இருந்து சாதிக்காரங்க திருவிருந்து (ஆராதனையில ஐயர் குடுக்கற அப்பமும் ரசமும்) வாங்க மாட்டாங்கன்னு அவரை ஐயர் ஆக்கவே இல்ல. கடைசி வரைக்கும் உபதேசியார்.

அப்பா அப்ப ஒண்ணு சொன்னாரு. எங்க அப்பாயி சின்னப் பிள்ளையா இருந்தப்ப அவங்க ஊரு கோயில்லயும் இவங்க தெரு ஜனத்துக்கு பின்னாடி தரை தான், முன்னாடி பெஞ்சு காலியா இருந்தாலும் போகக்கூடாது, பழக்கம். "அதுக்குத் தான் அம்மா இங்க வந்து உக்காரணும்னு கேட்டுச்சு போல"ன்னாரு. இத்தனை வருஷத்துல எனக்கு இது தெரியாது. நான் அப்பாயி பக்தியில சொல்றாங்கன்னு தான் நெனைச்சிருந்தேன்.

ரொம்ப நேரம் அங்கயே உக்காந்திருந்தோம். ராஜநாயக்கன் எந்தக் கையில உக்காந்திருப்பாரு? வடக்கா, தெக்கா? ஜன்னல் பக்கமா? பிரசங்கம் மட்டும் எல்லா கைக்கும் ஒரே மாதிரி கேட்டிருக்கும், அது எனக்கு இப்ப நல்லாத் தெரியும், கேட்டுப் பாத்துட்டேன்ல.

மத்தியானம் சாப்பிட்டு கோல்ட்ஸ்மித் தெரு பக்கம் நடந்தோம். ஒரு பழைய வீட்டுல பூச்சு வேலை நடந்துட்டிருந்துச்சு, கொத்தனார் ஒருத்தர் அப்பா வயசு, ரெண்டு பேரும் அஞ்சு நிமிஷத்துல சிநேகிதமாயிட்டாங்க. சிமெண்டே இல்லாம சுண்ணாம்பு, மணலு, கடுக்காய் ஊறவச்ச தண்ணி, வெல்லம் போட்டு கலக்கறாரு. ஏன் சிமெண்டு வேணாம்னு கேட்டேன். கடல் காத்துல உப்பு வந்துட்டே இருக்கும், செங்கல்லு அதைக் குடிச்சுக்கும், சுண்ணாம்புப் பூச்சுன்னா ஈரம் அது வழியா வெளிய வந்து காஞ்சிடும், உப்பு பூச்சு மேலயே பூத்து பூச்சு உதிரும், மறுபடி பூசிக்கலாம். சிமெண்டு பூசினா ஈரம் உள்ளயே மாட்டிக்கும், உப்பு செங்கல்லுக்குள்ள கட்டி கல்லே மாவாப் போயிடும். "பூச்சு போனா பூசிக்கலாம்மா, கல்லு போனா செவுரே போச்சு"ன்னாரு. கோயில் 300 வருஷத்துக்கு மேல கடலுக்கு இவ்வளவு கிட்டத்துல நிக்கறது எப்படின்னு காலையில இருந்து யோசிச்சிட்டிருந்தேன், பதில் இவரோட பாண்டுல இருந்துச்சு. அதோட யாரோ ஒருத்தங்க தலைமுறை தலைமுறையா வந்து மறுபடி மறுபடி பூசியிருக்காங்க, அந்தப் பேரு எதுவும் எந்தக் கல்லுலயும் இல்ல.

2004 சுனாமியப்ப இந்த ஊரு பட்ட பாட்டையும் அவரு சொன்னாரு. மீனவர் தெருவுல நெறைய உயிர் போச்சு, கோயிலுக்கும் சேதம். சீகன்பால்க் வந்து 300 வருஷம்னு 2006ல விழா வந்தப்ப தான் கோயிலை நல்லா சரி பண்ணாங்களாம்.

நாள் 3, ஞாயிற்றுக்கிழமை

ஆராதனைக்கு முன்னாடியே போயிட்டோம். மணி அடிக்குது, தெருவுல ஒண்ணு ரெண்டு பேரா வெள்ளை வேட்டி, காட்டன் புடவை, கையில பைபிள் பை. பெரிய கூட்டம் இல்ல, இது சின்ன ஊரு, ஜனம் வேலைக்கு வெளியூர் போயிடுச்சு. ஆனா வந்தவங்க பாடினாங்க பாருங்க. பழைய ஜெர்மன் ராகம், தமிழ் வார்த்தை, அப்பா புஸ்தகத்தைத் திறக்கவே இல்ல, அப்பாயியோட ஞானப்பாட்டு மடியில, கண்ணை மூடிட்டு நாலு சரணமும் பாடினாரு. எனக்கு ரெண்டாவது சரணத்துக்கு மேல தொண்டை அடைச்சிடுச்சு.

அன்னைக்கு திருவிருந்து இருந்துச்சு. பீடத்துக்கு முன்னால வரிசையா முழங்கால் போட்டோம். அப்பாவுக்கு இந்தப் பக்கம் நானு, அந்தப் பக்கம் தலையில மல்லிப்பூ வச்ச ஒரு அம்மா, அவங்க யாரு என்ன தெருன்னு யாருக்குத் தெரியும். ஒரே அப்பம், ஒரே பாத்திரம், வரிசையில முன்ன வந்தவங்க முன்ன. ராஜநாயக்கன் இதைக் குடுக்கற பக்கம் நின்னிருக்க வேண்டியவரு. முழங்கால் போட்டிருந்த நேரம் பூரா எனக்கு அந்த நெனைப்பு தான், ஜெபம் பண்ணவே முடியல.

ஆராதனை முடிஞ்சு எல்லாரும் வெளிய போய் பேசிட்டிருந்தாங்க, எங்களை எந்த ஊருன்னு விசாரிச்சாங்க, ஒரு பாட்டி வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத் தான் போகணும்னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க. திரும்பிப் பாத்தா அப்பாவைக் காணோம். உள்ள போனா ஒரு கையில கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காரு, ஞானப்பாட்டு பக்கத்துல. கொஞ்ச நேரத்துல எழுந்து எதிர்ப்பக்கத்து கைக்குப் போய் உக்காந்தாரு. அப்புறம் வாசல் பக்கத்து கை. பீடம் இருக்கற கை போக மத்த மூணும் ஆச்சு.

என்னப்பா பண்றீங்கன்னு கேட்டேன்.

"எந்தப் பக்கம் உக்கார வச்சாங்கன்னு தெரியாதுல்லம்மா. அதான், அம்மா புக்கை எல்லாப் பக்கமும் வச்சுட்டேன்."

கோயிலைப் பாத்துக்கற கோயில்பிள்ளை சாவிக்கொத்தோட வாசல்ல நின்னுட்டிருந்தாரு. எங்களைப் பாத்துட்டு, அவசரம் இல்லன்னு கையைக் காட்டிட்டு, போய் வேப்பமரத்து நிழல்ல உக்காந்துக்கிட்டாரு.